மாங்கோ பார்த்த பக்கம்

புளியங்கொட்டைகளைத் தகரப் பேணிக்குள் போட்டு யாரோ மெல்ல, ஆனால் நிறுத்தாமல் குலுக்குவது போல ஒரு சத்தம் மேல்மாடியிலிருந்து வந்தது. நகுலேஸ்வரி முதலில் ஹீட்டரைத்தான் சந்தேகித்தாள். அந்த வீட்டில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள், சத்தம் போகவில்லை. கேத்திலை அணைத்தாள், அப்போதும் போகவில்லை. படிக்கட்டின் அடியில் நின்று காது கொடுத்தபோதுதான், அது இரும்பின் சத்தம் அல்ல, காய்ந்த ஏதோ ஒன்று காய்ந்த இன்னொன்றின்மேல் படபடவென்று அடிபடும் சத்தம் என்று தெரிந்தது. சட்டென நின்றது. மூச்சு வாங்குவது போல ஓர் இடைவெளி. மறுபடியும் தொடங்கியது.

"சனியன்," என்றாள் நகுலேஸ்வரி. "வந்து இன்னும் உடுப்பைக்கூட எடுத்து வைக்கேல்லை. அதுக்குள்ள கூப்பிடுது."

லண்டனின் செவன் கிங்ஸில் இருந்த அந்த வாடகை வீடு அவளுடைய தம்பி சிவதர்ஷன் அண்மையில் எடுத்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு அவனும் மனைவி எமில்டாவும் மகள் தாரகாவும் டொரொன்டோவுக்குப் போயிருந்தார்கள். எமில்டாவின் தம்பிக்குக் கலியாணம். பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருந்த தன் சேலைக்கடையைப் பூட்டிவிட்டு நகுலேஸ்வரி இங்கே வந்து நிற்பது வீட்டைப் பார்த்துக்கொள்ள அல்ல. ஒரு பாம்பைப் பார்த்துக்கொள்ள. கோர்ன் ஸ்நேக் என்று பெயர். சோளப்பாம்பு. பாம்புக்குக் காவல் இருக்க ஆள் தேடிய முதல் தமிழ்க் குடும்பம் இதுவாகத்தான் இருக்கும் என்று அவள் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருந்தாள்.

தாரகாவுக்குப் பன்னிரண்டு வயது. லிப்ட்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், சத்தமாகப் பேசும் டீச்சருக்குப் பயம். பயத்தைப் போக்க ஏதாவது பிராணி வளர்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம். அதற்கு இந்த மண்டூகங்கள் பாம்பு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை அதற்கு மாங்கோ என்று பெயர் வைத்திருந்தது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் லொறியில் கிடந்து எல்லை தாண்டியவள் நகுலேஸ்வரி. ஜெர்மனியில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து, பிறகு லண்டனுக்கு வந்து, தனியாகக் கடை போட்டு நிமிர்ந்தவள். பயம் என்பது வசதி உள்ளவர்கள் வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கும் சாமான் என்பது அவளுடைய தீர்மானமான கருத்து. சிவதர்ஷன் வீட்டில் அது அறைக்கு அறை இருந்தது.

அவள் மேலே ஏறினாள். பின்பக்க அறை தாரகாவுடையது. கதவைத் திறந்ததும் மரச்சீவலின் மணமும், பூட்டிக் கிடக்கும் அறையின் ஈர வாடையும் சேர்ந்து வந்தன. உயரமான மேசையின் மேல் கண்ணாடித் தொட்டி. உள்ளே செம்மஞ்சள் உடம்பில் கறுப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகளோடு, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத பாம்பு. அதன் வால்நுனிதான் மரச்சீவலின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தைப் பின்னுக்கு இழுத்து வளைத்துத் தலையைத் தூக்கி வைத்திருந்தது.

"ஆருக்கடா சண்டித்தனம் காட்டுறாய்?" என்று அவள் கண்ணாடியில் மோதிர விரலால் தட்டினாள்.

பாம்பு திரும்பவில்லை. தட்டிய பக்கத்தை அது கவனிக்கவே இல்லை. இடது பக்கச் சுவரும் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியும் சந்திக்கும் மூலையைப் பார்த்தபடி வாலை அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மூலையில் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர். அதில் ஈரம் பூத்த ஒரு திட்டு. அவ்வளவுதான். நகுலேஸ்வரி ஒரு துவாயை எடுத்துத் தொட்டியின் மேல் போட்டு மூடிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அன்று பின்னேரம் டொரொன்டோவிலிருந்து தாரகா போன் எடுத்தாள்.

"மாமி, மாங்கோ ஓகேயா?"

"உன்ர மாங்கோ கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு இருக்கிறார்."

"அது கோபம் இல்லை மாமி. அவர் ஸ்கேர்ட். பயத்திலதான் அப்பிடிச் செய்யிறவர். தான் பெரிய விஷப்பாம்பு எண்டு காட்டுறதுக்கு. உண்மையா அவருக்கு விஷம் ஒண்டும் இல்லை," என்றாள் பிள்ளை.

"விஷமும் இல்லை, வெக்கமும் இல்லை. உங்கட வீட்டுக்கு ஏத்த பாம்புதான்."

"மாமி, அவர் எந்தப் பக்கம் பாக்கிறார்?"

நகுலேஸ்வரிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா என்று கேட்கிற பிள்ளை இல்லையா இது? "எந்தப் பக்கம் பாத்தால் உனக்கென்ன? கொம்மாவிட்டக் குடு போனை," என்றாள்.

எமில்டாவின் குரல் வழக்கத்தைவிட மரியாதையாக இருந்தது. "அக்கா, எல்லாம் சரிதானே? ஒண்டு சொல்லோணும். இருட்டின பிறகு அந்த அறைக்குள்ள கனநேரம் நிக்காதேங்கோ."

"ஏன்?"

"அது... அங்க குளிர் கூட."

"குளிருக்குப் பயந்தோ டொரொன்டோவுக்கு ஓடின்னீங்கள்? அங்க என்ன, வெயிலோ கொளுத்துது?" என்று கேட்டுவிட்டு நகுலேஸ்வரி போனை வைத்தாள். வைத்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. புதுவீட்டுக்கு வந்த நாளிலிருந்து தாரகா தாய் தகப்பனோடுதான் படுக்கிறாள் என்று சிவதர்ஷன் ஒருமுறை சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அதற்கும் சிரித்தாள்.

அடுத்த நாட்களில் பாம்பு சாப்பிடவில்லை. ஃபிரீசரிலிருந்து எடுத்து வெந்நீரில் இளக்கிய சுண்டெலியைக் குறட்டால் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு அதன் மூக்குக்கு நேரே நீட்டினாள். பணக்கார வீட்டு நாய்க்குக்கூட இப்படி ஊட்டமாட்டார்கள். மாங்கோ அதைத் தாண்டிப் பார்த்தது. ஒருநாள் அறைக் கதவைத் திறந்தவளை ஒரு நாற்றம் முகத்தில் அறைந்தது. அழுகிய மீன் தண்ணீரில் ரப்பரை எரித்துப் போட்டது போல. பாம்பு செத்துவிட்டது, கரைச்சல் விட்டது என்று நினைத்தபடி போய்ப் பார்த்தால், அது முன்னிலும் விறைப்பாக நின்றது. தன் உடம்பிலிருந்தே அந்த நாற்றத்தை விட்டிருந்தது. வாலடியெல்லாம் பிசுபிசுத்திருந்தது.

"தூ," என்றாள் நகுலேஸ்வரி. "பயத்தில பீச்சிப்போட்டு நிக்கிற நிலையைப் பார்."

கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் அவள் அதைக் கண்டாள். இடது பக்கக் கண்ணாடி முழுவதும் எச்சில் கோடுகள். பாம்பு திரும்பத் திரும்பப் பாய்ந்து மூக்கை மோதிய தடங்கள். முன்பக்கக் கண்ணாடி, அவள் தினமும் வந்து நிற்கிற பக்கம், சுத்தமாக இருந்தது.

அவள் துணி வெட்டுகிறவள். ஒரு கோடு கோணினால் கோணலின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். தொட்டியை மூச்சுப் பிடித்துத் தூக்கி முன்பின்னாகத் திருப்பி வைத்தாள். மறுநாள் தடங்கள் வேறு கண்ணாடியில் இருந்தன. ஆனால் அதே மூலைப் பக்கம். பாம்புக்கும் மூலைக்கும் நடுவில் தானே போய் நின்று பார்த்தாள். கையை ஆட்டினாள். காலைத் தரையில் தட்டினாள். இமையில்லாத அந்தச் செம்மஞ்சள் கண்கள் அவளுடைய இடுப்புக்குப் பக்கத்தால், அவளைத் தாண்டி, சுவரைப் பார்த்தன. கடன் சொல்லிச் சேலை வாங்க வருகிறவர்கள்கூட அவளை இவ்வளவு அலட்சியமாகத் தாண்டிப் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தின் அடியில், முதுகின் நடுவில் மட்டும், ஈரச் சாக்கை யாரோ பக்கத்தில் பிடித்தது போல ஒரு குளிர் ஊர்ந்தது. அவள் அதை ஜன்னல் இடுக்குக் காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

பனி பெய்த ஒரு மதியம் பக்கத்து வீட்டுப் பாலசுப்பிரமணியன் கதவைத் தட்டினார். மலேசியாக்காரர். படிக்க வந்து அப்படியே மருந்துக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து லண்டனிலேயே தங்கிவிட்டவர். தனியாள். வாசல் பனியை வழித்துவிட்டதாகச் சொல்ல வந்தவர், தேத்தண்ணீர் குடிக்காமல் போகிற நோக்கத்தில் இல்லை. அவருடைய பட்டன் மாறிப் பூட்டிய ஸ்வெட்டரையும், தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிக்கிற பழக்கத்தையும் நகுலேஸ்வரி ஒரே பார்வையில் அளந்து ஒதுக்கினாள். ஆனால் பாம்பு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஈப்போவுல சின்ன வயசுல நானும் வளர்த்தேங்க. பாக்கலாமா?"

மேலே போய், தொட்டியின் மூடியைத் திறந்து, அவர் கையை மேலிருந்து இறக்காமல் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோனார். "மேலேர்ந்து கை வந்தா பருந்துன்னு நினைச்சுக்கும்," என்றார். மாங்கோ கடிக்கவில்லை. கை வந்ததும், காத்திருந்தது போல அவருடைய ஸ்வெட்டர்க் கைக்குள் நுழைந்து முழங்கை வரை ஏறி மறைந்துவிட்டது.

"பாருங்க, எங்கிட்ட பயமே இல்ல. ஒளிஞ்சுக்கிறான். உங்ககிட்டயும் இல்ல."

"பிறகென்ன கோதாரிக்கு வாலை ஆட்டுறார்?"

"வீட்டுல பூனை இருக்கா?"

"இல்லை."

"தன்னைவிட ரொம்பப் பெரிசா, மெதுவா நகர்ற ஏதோ ஒண்ணு பக்கத்துல நின்னா இப்படிச் செய்வான். முதல்ல வால். அப்புறம் நாத்தம். அப்புறம் பாய்ஞ்சு கொத்துறது. எல்லாமே 'போ, போ'ன்னு சொல்றதுதாங்க. சண்டை போட இல்ல."

"போகாட்டி?"

பாலசுப்பிரமணியன் ஸ்வெட்டருக்குள் இருந்த பாம்பை வெளியே எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வர மறுத்தது. "போகலன்னா தலையை உடம்புக்குள்ள புதைச்சுக்குவான். அதுக்கு மேல அவன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றார்.

அவர் மூலையைப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுப் படிக்கட்டு. எலிகூடக் கிடையாது," என்றார். ஆனால் தட்டிய கையை உடனே எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். பாம்பை ஒருவழியாக உரித்தெடுத்துத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, வாசலில் நின்று, "ஒருமாதிரி இருந்தா தயங்காம நம்ம வீட்டுக்கு வந்துடுங்க," என்றார்.

"எனக்கு ஒருமாதிரி இருக்கிறேல்லை," என்றாள் நகுலேஸ்வரி. "நீங்கள் முதல்ல பட்டனைச் சரியாப் பூட்டுங்கோ."

மறுநாள் பகல் முழுதும் சத்தமே வரவில்லை. அதுதான் அவளை மேலே போக வைத்தது. வாலடிக்கிற சத்தத்துக்குப் பழகிவிட்ட காது, அது இல்லாத வீட்டில் வேறு சத்தங்களைத் தேடத் தொடங்கியிருந்தது. வெளியே பனி மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு முன்பே வானம் கறுத்து, தெருவிளக்கின் மஞ்சளில் ஒவ்வொரு பனிப்பூவும் விழாமல் மிதப்பது போல இருந்தது. தூரத்தில் ஒரு ரயில் வழமையைவிட மெதுவாக, பஞ்சுக்குள் ஓடுவது போலப் போனது. அவள் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். எமில்டா சொன்னதற்காக அல்ல. அவளுக்குக் கீழே வேலை இருந்தது.

மேல்மாடி நடைக்கூடத்து விளக்கைப் போட்டாள். அறை விளக்கைப் போட்டாள். தொட்டிக்கு முன்னால் நின்று மூடியைத் திறந்தாள்.

மாங்கோ அசையாமல் நின்றது. வால் அசையவில்லை. நாக்கு மட்டும் வெளியே வந்து, நடுங்கி, உள்ளே போனது. தலை அந்த மூலையைப் பார்த்திருந்தது.

பிறகு தலை நகர்ந்தது.

மிக மெதுவாக. மணிக்கூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கணத்தில் அது நகர்ந்திருப்பது தெரியுமே, அப்படி. மூலையிலிருந்து அலமாரிக் கதவுக்கு. அலமாரியிலிருந்து கட்டிலுக்கு. கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு. எதையோ ஒன்றை விடாமல் பின்தொடர்ந்து, ஒரே சீராக, அந்தச் சின்னத் தலை அறையைக் குறுக்கே அளந்தது. நகுலேஸ்வரியும் தன்னை அறியாமல் அது பார்க்கும் இடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டில். விரிப்பு. ஜன்னல் திரை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

தலை அவளை நோக்கித் திரும்பியது. நின்றது.

அவளைப் பார்ப்பதாகத்தான் முதலில் நினைத்தாள். முதன்முறையாக. ஒரு முட்டாள்தனமான சந்தோஷம்கூட வந்தது. பிறகு கண்டாள். அது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே பார்த்தது. தலையை இன்னும் தூக்கியது. இன்னும் மேலே. இன்னும் மேலே.

ஈரச் சாக்கின் வாடை.

"ஆரெண்டாலும் எனக்கு ஒண்டுதான்," என்றாள் நகுலேஸ்வரி சத்தமாக. கடையில் விலை பேசுகிறவர்களை விரட்டும் அதே குரல். "பிள்ளையளை வெருட்டுற மாதிரி என்னை வெருட்ட ஏலாது. உன்னை மாதிரி எத்தினையைக் கண்டிட்டு வந்தனான்."

குரல் அறைக்குள் எங்கும் முட்டாமல் எதிலோ அமுங்கியது. அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தொட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. காது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் திறந்திருந்த கதவு தெரிய வேண்டும். நடைக்கூடத்து விளக்கு தெரிய வேண்டும். இப்போதுதானே போட்டாள்?

கதவு இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. இருட்டும் இல்லை. சுவர் போல ஏதோ ஒன்று, சுவரைவிடக் கிட்டத்தில்.

மாங்கோ இறங்கியது. சுருண்டது. தலையைத் தன் உடம்பின் சுருள்களுக்கு நடுவில் கொண்டுபோய்ப் புதைத்தது. ஒரு சின்னச் செம்மஞ்சள் முடிச்சு. அவ்வளவுதான்.

சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நகுலேஸ்வரியின் வாயிலும் ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுவதும் யாரைப் பார்த்தாலும் தயாராக வந்து நாக்கு நுனியில் நின்ற அந்தப் பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. பாம்பை விட்டுவிட்டு ஓடலாம். அதுதான் புத்தி. ஆனால் இந்த அறையில் அவளைத் தவிர உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அவள் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். தொட்டாள். எதிர்பார்த்தது போல வழுவழுப்பாகவோ ஈரமாகவோ இல்லை. காய்ந்து, இளஞ்சூடாக, பட்டுத்துணியின் மறுபக்கம் போல இருந்தது. முடிச்சு அவிழ்ந்தது. அவளுடைய கம்பளிச் சட்டையின் கைக்குள் நுழைந்து, பிரஷர் பார்க்கிற பட்டி போலப் புயத்தை இறுக்கிக்கொண்டது. அந்த நடுக்கம் அவளுடையதா பாம்புடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு திரும்பினாள். திறந்தாள்.

கதவு. நடைக்கூடம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. சிரிப்பும் வந்தது. "பேய்ச்சி," என்று தன்னையே ஏசினாள். "பேய்ச்சி. சின்னப்பிள்ளையின்ர கதையைக் கேட்டு..."

சட்டைக் கழுத்துக்குள்ளால் மாங்கோவின் தலை வெளியே வந்தது. அவள் கன்னத்தில் உரசியது. முன்னால் பார்க்கவில்லை. கழுத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் திரும்பியது. மேலே பார்த்தது.

அவள் திரும்பியபோது, அவளுக்குப் பின்னால் நின்றதும் சேர்ந்து திரும்பியிருந்தது.

அவள் நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. படியில் கால் வைத்தாள், பலகை முனகியது. அடுத்த படி, அதுவும் முனகியது. அதற்குப் பிறகு, அவள் ஏற்கெனவே தாண்டிய படி மறுபடி முனகியது. நீளமாக. பெரிய பாரத்தின் கீழே. கைப்பிடியைப் பிடித்தாள். கைப்பிடி அதிர்ந்தது. யாரோ மேலே அதைப் பிடித்திருந்தார்கள்.

கீழ்க்கதவு. பூட்டு. கை வழுக்கியது. திறந்தது.

வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கினாள். குளிர் காலில் கடித்தது. அந்தக் கடி நன்றாக இருந்தது. தெரு முழுவதும் வெள்ளை. ஆள் நடமாட்டம் இல்லை. கார்கள் எல்லாம் ஒரே உருவமாக மூடிக் கிடந்தன. பாலசுப்பிரமணியனின் ஜன்னலில் வெளிச்சமும் டிவியின் நீலமும் தெரிந்தன. அந்த மனிதரின் முட்டாள் சிரிப்பைக் கேட்க அவள் எதையும் கொடுத்திருப்பாள். அவருடைய மணியை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

கதவு திறந்தது. அதே ஸ்வெட்டர். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. "அட, வாங்க வாங்க! நான் சொல்லல, தயங்காம..."

அவர் நிறுத்தினார்.

அவருடைய கண்கள் அவள் முகத்திலிருந்து எழும்பின. தலைக்கு மேலே போயின. அங்கே நிற்கவில்லை. இன்னும் ஏறின. டபுள்டெக்கர் பஸ்ஸின் மேல்தட்டைப் பார்க்கிறவர் போல மோவாய் தூக்கி, கழுத்து பின்னுக்குச் சாயும்வரை பார்த்தார். கோப்பை சரிந்து தேத்தண்ணீர் அவர் காலில் ஊற்றியது. அவர் அதை உணரவில்லை.

"அண்ணை," என்றாள் நகுலேஸ்வரி. அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. "அண்ணை, உள்ளுக்கு விடுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கதவை மெதுவாக, சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பது போல, சாத்தினார். சங்கிலி விழுந்தது. நடை விளக்கு அணைந்தது. பிறகு ஜன்னல் விளக்கு. பிறகு அந்த நீல வெளிச்சம்.

தெரு அப்படியே இருந்தது. பனி விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய கையிலும், முன்னாலிருந்த படியிலும், கதவிலும் விழுந்தது. அவளுடைய தலையில் மட்டும் விழவில்லை. தோளிலும் விழவில்லை.

மேலே எதுவோ குனிந்திருந்தது.

மறுபடி சட்டைக்குள் ஒளிந்திருந்த மாங்கோ நகரத் தொடங்கியது. புயத்திலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து கழுத்துக்கு. வெளியே வந்தது. இந்தக் குளிர் அதைக் கொன்றுவிடும் என்று அவள் நினைத்தாள். உள்ளே தள்ளக் கை தூக்கினாள். அது கேட்கவில்லை. அவள் காதைத் தாண்டி எழும்பியது. பின்னால் திரும்பிக் கழுத்தை இழுத்து வளைத்தது. அந்த வளைவின் விறைப்பை அவள் தன் தாடையில் உணர்ந்தாள்.

"வேண்டாமடா," என்றாள் நகுலேஸ்வரி மெல்ல. "வேண்டாம், என்ர செல்லம். நீ பொய்க்குத்தானே..."

பாய்ந்தது.

அவள் காதோரம் காற்று கிழிந்தது. எதிலோ பட்டது. சத்தமில்லை.

திரும்பி வரவில்லை.

கொத்திய பாம்பு உடனே பின்வாங்கும். இது பின்வாங்கவில்லை. கழுத்தில் கிடந்த உடம்பு கயிறு போல இறுகி, அவளுக்குப் பின்னால், அந்தரத்தில், நேராக நின்றது. பிறகு நகர்ந்தது. தானாக நகரவில்லை. இழுபட்டது. அவசரமில்லாமல். கொஞ்சம் இழுபட்டு, நின்று, மறுபடி கொஞ்சம். நிற்கும் ஒவ்வொரு முறையும் மேலே ஈரமான ஒரு விழுங்கல் சத்தம். தோளிலிருந்து சுருள் அவிழ்ந்தது. புயத்திலிருந்து அவிழ்ந்தது. சட்டைக் கைக்குள்ளால் அந்த இளஞ்சூடு வழுக்கி வழுக்கி மேலே போனது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு, போய்க்கொண்டிருந்த வாலை எட்டிப் பிடித்தாள். மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்தாள். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் அந்த வால்நுனி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அடிப்பது நின்றது.

அவள் விடவில்லை. கைகள் காதுக்கு உயர்ந்தன. காதிலிருந்து தலைக்கு மேலே உயர்ந்தன. கால்களோடு செருப்புகள் பனியிலிருந்து மெல்லக் கழன்றன.